நாற்காலி போட்டால் வருகைப்பதிவு ஏறிவிடுமா?

ஓட்டேரி ஓய்வாசிரியர்:
வருகை குறைந்த மாணவனைக் கண்டிக்க அழைத்தால் முதலில் நாற்காலி போட்டு உட்கார வைக்க வேண்டும், நிற்க வைத்துப் பேசுவது அவமதிப்பு என்று நேற்று இங்கே ஓர் இளம் விரிவுரையாளர் தீர்ப்பு எழுதியிருந்தார். 31 ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் கேட்கிறேன்: தேர்வெழுத வேண்டிய 75 விழுக்காடு, பையன் உட்கார்ந்ததும் தானாக நிரம்பிவிடுமா? நான் நிற்க வைத்துப் பேசிய பிள்ளைகள் இன்று வேலூர், திருப்பத்தூர் பள்ளிகளில் தலைமையாசிரியர் நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

காட்பாடி விரிவுரையாளர்:
அந்த இளம் விரிவுரையாளர் நான்தான், ஐயா. தனியே அழையுங்கள், முதலில் அவன் சொல்வதைக் கேளுங்கள், 18 வயது நிறைந்தவனின் வீட்டுக்குத் தொலைபேசியில் அழைக்குமுன் அவனிடம் சொல்லிவிடுங்கள் என்றும் எழுதியிருந்தேன். தங்கள் கண்ணில் நாற்காலி மட்டும் பட்டிருக்கிறது. ஆசிரியர் அறையில் பத்துப் பேர் தேநீர் அருந்திக்கொண்டிருக்க, கைகட்டி நிற்கும் பையன் "இனிமேல் ஒழுங்காக வருகிறேன் சார்" என்பதைத் தவிர வேறு என்ன சொல்வான்? போன பருவத்தில் இப்படி மூன்று முறை வாக்களித்த ஒருவன், நான்காம் முறை உட்கார வைத்துக் கேட்டபோதுதான், ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு காலணித் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துவிட்டு நேரே முதல் வகுப்புக்கு வருவதைச் சொன்னான்.

ஓட்டேரி ஓய்வாசிரியர்:
உட்கார்ந்ததால் சொன்னானா, நான்காம் முறையும் விடாமல் கேட்டதால் சொன்னானா? இதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள்.

ஆரணிச் சாலை:
நாற்காலியை விடுங்கள். மாணவனை "நீ" என்பதா, "நீங்கள்" என்பதா? எங்கள் வடாற்காட்டில் பெற்ற தாயையே "நீ" என்றுதான் அழைக்கிறோம். அதில் மரியாதைக் குறைவு எங்கே வந்தது?

காட்பாடி விரிவுரையாளர்:
தாயை அழைக்கும் "நீ"யும், வருகைப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு "நீ எல்லாம் எதற்குப் படிக்க வருகிறாய்" என்னும் "நீ"யும் ஒன்றல்ல.

ஆரணிச் சாலை:
பேச்சுவழக்கையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள். வெளியூர்க்காரர் என்பது எழுத்திலேயே தெரிகிறது.

காட்பாடி விரிவுரையாளர்:
நான் பிறந்தது குடியாத்தத்தில்.

சத்துவாச்சாரி ஆற்றுப்படுத்துநர்:
எங்கள் மனநல ஆலோசனைத் துறையில் உயரம் சமமாக அமர்ந்து பேசச் சொல்வது, ஒருவர் மேலிருந்து பார்க்கும்போது மற்றவர் வாய் திறக்கத் தயங்குவார் என்பதால்தான். ஆனால், உட்கார வைத்தபின் செய்யும் தவறுகளே அதிகம். "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று முன்கூட்டியே வாக்குக் கொடுக்கக் கூடாது. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால் சொல்லியே ஆகவேண்டும். வாழப் பிடிக்கவில்லை என்று மாணவி சொன்னால், தற்கொலை எண்ணம் உண்டா என்று நேராகவே கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. அவளைத் தனியே அனுப்பாமல் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு உடனிருந்து பேச வைக்கலாம்.

ஓட்டேரி ஓய்வாசிரியர்:
அம்மா, தங்கள் படிப்பை மதிக்கிறேன். அழுகின்ற பெண்ணை உட்கார வைக்காதே என்று நான் எங்கே சொன்னேன்? அவள் துன்பத்தோடு வருகிறாள். பேருந்து நிலையத்தில் பொழுதைக் கழித்துவிட்டு வருகிறவனுக்கும் அதே நாற்காலியா?

சத்துவாச்சாரி ஆற்றுப்படுத்துநர்:
வருபவர் எந்த வகை என்பது பேசி முடித்த பிறகல்லவா தெரியும், ஐயா?

ஓட்டேரி ஓய்வாசிரியர்:
எனக்கு வாசலில் வரும் நடையிலேயே தெரியும்.

காட்பாடி விரிவுரையாளர்:
இரவு வேலைக்காரன் நடையும் பேருந்து நிலையத்தில் தூங்கி எழுந்தவன் நடையும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தன. தங்களுக்கு ஞானக்கண் இருக்கலாம்.

பாலாற்றங்கரைத் தாய்:
என் மகன் படிக்கும் கல்லூரியில் ஆசிரியர்களுக்கே நாற்காலி போதவில்லை. இரண்டு சுழற்சிக்கும் ஒரே அறை. முதலில் அதற்கு வழி சொல்லுங்கள்.

ஓட்டேரி ஓய்வாசிரியர்:
பார்த்தீர்களா? ஆசிரியருக்கே நாற்காலி இல்லை. மாணவனுக்குப் போடச் சொல்கிறார். என் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை: உட்கார்ந்ததால் சொன்னானா, கேட்டதால் சொன்னானா?

காட்பாடி விரிவுரையாளர்:
நாளை முதல் வகுப்பில் அவனையே கேட்டு எழுதுகிறேன், ஐயா. உட்கார வைத்துத்தான் கேட்பேன்.