கைபேசியை விட முடியாத பிள்ளைகள்: நேரில் கண்டவை

ஒரு தாய், மதுரை:
எல்லார் வீட்டிலும் நடப்பதுதான் என்பதால் முன்கதை வேண்டாம். மகன் பத்தாம் வகுப்பு. சென்ற மாதம் ஒரு நள்ளிரவில் மின்சாரம் போனது. மெழுகுவத்தியோடு கூடத்துக்கு வந்தபோது, அவன் இருட்டில் நின்றபடி வைஃபை பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்திருந்தான். காய்ச்சல் கண்ட குழந்தையின் நெற்றியில் நாம் கை வைத்துப் பார்ப்போமே, அப்படி. பெயர் சொல்லி அழைத்தும் திரும்பவில்லை. மறுநாளே இணைப்பைத் துண்டித்துவிட்டேன். அதன்பின் இரண்டு நாட்கள் அவன் சாப்பிடவில்லை. நான் செய்தது சரிதானா என்று இன்னும் தெரியவில்லை.

அரசுப் பள்ளி ஆசிரியர், தென்காசி:
முதல் பாடவேளையிலேயே தூங்கிவிடும் மாணவன் ஒருவனின் கணக்கு நோட்டைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தைப் பார்க்க நேர்ந்தது. ஃப்ரீ ஃபயர் என்ற கைபேசி ஆட்டத்தில் தன் அணியினரின் பெயர்கள், யார் எத்தனை மணிக்கு வர வேண்டும், யாருக்கு எந்தத் துப்பாக்கி கைவரும் என்பதெல்லாம் கட்டம் போட்டு, அழகான கையெழுத்தில் எழுதப்பட்டிருந்தன. முன்பக்கங்களில் ஒரு கணக்குகூட முடிக்கப்படவில்லை. வகுப்பில் அவனை யாரும் எதற்கும் தேடியதில்லை, நானும் தேடியதில்லை. அங்கே அவன் வராமல் ஆட்டம் தொடங்காது. ஆகவே மதுரை அம்மா ஒரே நாளில் இணைப்பைத் துண்டித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ஓய்வுபெற்ற செவிலியர், சேலம்:
ஐயா, தாயைக் குறை சொல்வது எளிது. கைபேசியைப் பிடுங்கிய என் மகளின் கையை என் பேத்தி கடித்துவிட்டாள். பல் தடம் நான்கு நாட்கள் மறையவில்லை. பெற்றோருக்குச் சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன். 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 என்ற நோய் வகைப்பாட்டில், கைபேசி, கணினி விளையாட்டுக்கு அடிமையாவது ஒரு கோளாறாக இடம்பெற்றுள்ளது. அது மணிக்கணக்கைப் பார்ப்பதில்லை. ஆட்டத்தை நிறுத்துவது தன் வசம் இல்லாமல் போவது, மற்ற எல்லாவற்றையும் அது பின்னுக்குத் தள்ளுவது, கேடு தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதங்கள் நீடித்துப் படிப்பையும் உறவுகளையும் குலைப்பது ஆகியவற்றையே பார்க்கச் சொல்கிறது. விடுமுறையில் பத்து நாள் ஆடியவனை நோயாளி என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் உறக்கத்தைச் சீராக்குங்கள். இரவு 9 மணிக்கு எல்லாக் கைபேசிகளும், உங்களுடையதும்தான், கூடத்தில் சார்ஜில் இருக்கட்டும். அடியில் மனச்சோர்வு இருந்தால் அதை மருத்துவர்தான் கண்டறிய வேண்டும். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் 14416 எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனையில் 2014 முதல் இதற்கென்றே தனிப் பிரிவு இயங்குகிறது.

கல்லூரி மாணவர், கோவை:
செவிலியர் அம்மா சொன்னவை சரியே. ஆனால் பிள்ளையின் காதுபட மருத்துவரை அழைக்காதீர்கள். என் அப்பா அழைத்தபோது, "இவன் எங்கள் பையனே இல்லை" என்று சொன்னது பக்கத்து அறையில் எனக்குக் கேட்டது. 2020இல் ஆன்லைன் வகுப்புக்காக அவர் வாங்கித் தந்த கைபேசியில்தான் எல்லாம் தொடங்கியது. செப்டம்பர் 2 அன்று அரசு பப்ஜி உள்ளிட்ட 118 செயலிகளைத் தடை செய்ததும் அவர் நிம்மதி அடைந்தார். நானோ அந்த வாரமே வேறோர் ஆட்டத்துக்கு மாறிவிட்டேன். பிறகு ஒரு மாலை தாத்தா என் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "இதில் நீ எந்த ஆள்?" என்று கேட்டார். காட்டினேன். ஆட்டத்தில் நான் சுடப்பட்டு விழுந்தபோது அவர் பதறி என் தோளைப் பிடித்துக்கொண்டார். மறுநாளும் ஆடினேன், ஆனால் இரவு அவர் சாப்பிடக் கூப்பிட்டதும் எழுந்துவிட்டேன்.