நியூட்ரினோ பதிவுகள்: ‘தடம்’ சரி, மற்றதற்கு ‘ஒளியுருண்டை’

நண்பர்களே,

விண்வெளியிலிருந்து வரும் உயர் ஆற்றல் நியூட்ரினோக்கள் (மின்னூட்டமற்ற, எதனோடும் அரிதாகவே மோதும் நுண்துகள்கள்) விட்டுச்செல்லும் பதிவுகளில் ஒரு வகைக்கு (track) தமிழில் ‘தடம்’ என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். மற்றதற்கு (cascade) ‘அருவி’, ‘தெறிப்பு’, ‘பொழிவு’ என மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. மூன்றுமே பொருந்தவில்லை என்பது என் கருத்து.

பனிக்குள் நடப்பதைப் பாருங்கள். தென்துருவத்தில் ஐஸ்கியூப் ஆய்வகம் 1,450 முதல் 2,450 மீட்டர் ஆழம்வரை 5,160 ஒளியுணரிகளைப் புதைத்திருக்கிறது. எப்போதாவது ஒரு நியூட்ரினோ அணுக்கருவில் மோதும். அதில் பிறக்கும் மின்னூட்டத் துகள்கள் பனியில் ஒளி செல்லும் வேகத்தையும் மிஞ்சி ஓடுவதால் நீலநிறச் செரன்கோவ் ஒளி எழும். எலெக்ட்ரானின் கனமான உறவான மியூவான் பிறந்தால் கிலோமீட்டர் கணக்கில் நேராக ஓடும், அது தடம். எலெக்ட்ரான் பிறந்தால் சில மீட்டருக்குள் துகள்களாகப் பெருகி அடங்கிவிடும். உணரிகளில் பதிவது, அந்த இடத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் பரவிய ஒளிதான்.

அருவி ஒரே பக்கமாக விழுவது. ‘ஒளித்தெறிப்பு’ என்றால் இலங்கைப் பாடநூல்களில் கண்ணாடியில் பட்டுத் திரும்புவது. அங்குள்ள மாணவர்களைக் குழப்பக் கூடாது. விண்ணிலிருந்து பாய்ந்துவரும் துகளான காஸ்மிக் கதிர் வளிமண்டலத்தில் துகள்களாகப் பெருகுவதைப் பொழிவு என்கிறோம். பனிக்குள்ளும் அதே பெருக்கம்தான், அந்த நிகழ்வுக்கு அச்சொல் இருக்கட்டும். இங்கே பெயர் வேண்டியது பதிவின் வடிவத்துக்கு. ‘தடம்’ என்பதும் வடிவத்தைத்தானே சொல்கிறது?

ஆகவே ‘ஒளியுருண்டை’ என்று வைக்கலாம். இதிலிருந்து அடுத்த சொல்லும் தானாகக் கிளைக்கிறது. டவ் நியூட்ரினோ மோதும் இடத்தில் ஓர் உருண்டை, அதில் பிறந்த டவ் (மியூவானைவிடக் கனமான, விரைவில் சிதையும் துகள்) சிதையும் இடத்தில் இன்னோர் உருண்டை: ‘இரட்டை ஒளியுருண்டை’. மற்ற மூன்றில் எதுவும் இவ்வளவு இயல்பாக இரட்டிக்காது.

இது இரண்டாந்தரப் பதிவு, தனிச்சொல் எதற்கு என்று ஒருவர் கேட்டிருந்தார். தடம் திசையைத் துல்லியமாகக் காட்டும், உண்மைதான். 2017 செப்டம்பர் 22 அன்று பதிவான தடத்தைப் பின்தொடர்ந்துதான், பெருங்கருந்துளையைச் சுமந்த ஒரு தொலைதூரப் பிளேசாரை (நம் பக்கம் துகள் தாரையை வீசும் விண்மீன் மண்டலத்தை) சுட்ட முடிந்தது. ஆனால் நம் பால்வழியிலிருந்தே நியூட்ரினோ வருவதை 2023-இல் காட்டியவை ஒளியுருண்டைகள். பால்வழியின் மையம் தென்வானத்தில் இருக்கிறது; அந்தப் பக்கம், காஸ்மிக் கதிர்களால் வளிமண்டலத்தில் பிறக்கும் மியூவான்களின் தடங்கள் மொய்த்துக்கிடப்பதால் விண்வெளி நியூட்ரினோவின் தடத்தைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு.

‘உருண்டை’ பேச்சுவழக்காக இருக்கிறது என்று ‘ஒளிக்கோளம்’ ஆக்கிவிடாதீர்கள்; விண்மீனையோ கோளையோ சொல்கிறோம் என்று வாசகர் நினைப்பார். மாற்றுச்சொல் வைத்திருப்பவர்கள் அதை இரட்டையாகவும் எழுதிக் காட்டுங்கள், பிறகு முடிவு செய்யலாம்.