பிள்ளை போதைப் பழக்கத்தில் இருப்பதை எப்படிக் கண்டுகொண்டீர்கள்? அனுபவங்களைப் பகிருங்கள்

காரைக்குடி, மருந்துக்கடை வைத்திருப்பவர்:

கண் சொட்டு மருந்து கேட்டு ஒரு பையன் கடைக்கு அடிக்கடி வருவான். பிளஸ் டூ படிப்பவன். கேட்டால் "தூசி விழுந்துருச்சு" என்பான். கண் சிவந்திருக்கும், ஆனால் நீர் வடியாது, பீளை இருக்காது. கையோடு பக்கத்து பேக்கரியில் கேக் வாங்கித் தின்றுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவான். கஞ்சா இழுத்தால் கண் சிவக்கும், வாய் உலரும், அகோரப் பசி எடுக்கும். அவன் அப்பாவிடம் பக்குவமாகச் சொன்னேன். முதலில் கோபப்பட்டார், அப்புறம் அவரே வந்து, எங்கே காட்டலாம் என்று கேட்டார்.

அதைவிட எனக்குப் பயம் தருவது, டாக்டர் சீட்டு இல்லாமல் வலி மாத்திரை கேட்கும் பிள்ளைகள்தான். அதிலே சில மாத்திரைகள் அபின் குணம் கொண்டவை. எடுத்தவனுக்குக் கண்மணி கடுகளவு சுருங்கிவிடும். மூக்கைச் சொறிவான், உட்கார்ந்தபடியே தூங்கி விழுவான். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டையைக் கழற்றாத பையன் என்றால், ஊசி குத்திய தடம் இருக்கிறதா என்று கையைப் பார்த்துவிடுங்கள்.

தேவகோட்டைப் பக்கம், ஓர் அத்தை:

அண்ணே, எங்கள் வீட்டில் முதலில் கண்டுபிடித்தது என் அம்மா. என் அண்ணன் சிங்கப்பூரில் இருக்கிறார், அவர் மகன் எங்களோடு. நம் செட்டிநாட்டு வீடுகள்தான் தெரியுமே, பின்பக்கம் மூன்றாம் கட்டுக்குள் நடப்பது முகப்பில் இருப்பவர்களுக்குக் கேட்காது. "சாமியே கும்பிடாத பயலுக்கு ரூமுல எதுக்கு ஊதுபத்தி?" என்று அம்மா கேட்டார். வாசனையை மறைக்கத்தான். அப்புறம் சாமான் அறையில் இருந்த பழைய பித்தளைச் செம்பும் தூக்குவாளியும் காணோம். பூட்டிய கதவு பூட்டியபடியே இருந்தது. சாவி எங்கே இருக்கும் என்று தெரிந்தவர்கள் வீட்டுக்குள் நாலு பேர்தான்.

அண்ணனிடம் வீடியோ காலில் மட்டும் அவன் நன்றாகவே பேசுவான். ஐந்து நிமிடம் யாரால்தான் நன்றாக இருக்க முடியாது? வெளிநாட்டில் இருக்கும் அப்பாக்கள் போனில் பார்த்த முகத்தை நம்பாதீர்கள், கூட இருக்கும் அப்பத்தா சொல்வதை நம்புங்கள்.

அண்ணன் லீவு போட்டு வந்தார். கை ஓங்கக் கூடாது என்று முன்னாலேயே சொல்லிவிட்டேன். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவில் காட்டினோம். தூக்கம் எப்போது மாறியது, பழைய நண்பர்கள் எப்போது விலகினார்கள், பணம் எதற்கெல்லாம் கேட்டான் என்று டாக்டர் விசாரித்தார். மன அழுத்தத்திலும் இதே மாதிரி மாற்றங்கள் வரும், ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள் என்றார். அவன் முன்பு எப்படி இருந்தான் என்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டுமாம். இப்போது ஒழுங்காகச் சிகிச்சைக்குப் போகிறான். பித்தளைச் செம்பு திரும்பி வரவில்லை, போகட்டும்.

பள்ளத்தூர்ப் பக்கம், பள்ளி ஆசிரியை:

கூல் லிப்பைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். புகையிலைப் பொட்டலத்தை உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் அடக்கிக்கொண்டு வகுப்பிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். புகை இல்லை, புதினா வாசனைதான் வரும், சூயிங்கம் என்று நினைத்துவிடுவோம். பேசும்போது உதட்டை இறுக்கிக்கொள்வது, உதட்டின் உள்பக்கம் வெளுத்துப் புண்ணாவது, காரக்குழம்பு வேண்டாம் என்று தட்டை ஒதுக்குவது, இவற்றைக் கவனியுங்கள். எட்டாம் வகுப்புப் பிள்ளையிடமே பார்த்தேன்.

போலீஸ் கேஸ் ஆகிவிடுமோ என்று பல பெற்றோர் மறைக்கிறார்கள். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தில் 64ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையானவர், அதுவும் சிறிய அளவு சம்பந்தப்பட்டது என்றால், தானே முன்வந்து அரசு மருத்துவமனையிலோ அங்கீகாரம் பெற்ற மையத்திலோ சிகிச்சையை முழுமையாக எடுத்துக்கொண்டால் வழக்கிலிருந்து விலக்கு உண்டு. 14446 போதை மீட்பு உதவி எண். பள்ளிக்குப் பக்கத்தில் விற்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டுமென்றால் 1933. இரண்டுக்கும் கட்டணம் இல்லை.