ரெண்டு பயலுவள்ல யாரு நாளைக்கு பெருசா வருவான்? ஹாக்கி தெரிஞ்ச அண்ணாச்சிமார் சொல்லுங்க

கரிசல்காட்டான் கேட்டது:

வணக்கம் அண்ணாச்சிமாரே. கோவில்பட்டிக்குப் பக்கத்துல எங்க ஊர் டீம்ல ரெண்டு பயலுவ நல்லா ஆடுதானுவ. ஒரே வருசம் பிறந்தவனுவ, ரெண்டு பேருக்கும் 15. அடுத்த விளையாட்டு விடுதித் தேர்வுக்குத் தயார் பண்ணணும். தனியா நின்னு சொல்லிக்கொடுக்க ஒருத்தனுக்குத்தான் ஆள் இருக்கு.

மூத்தவன் ஜனவரி. சென்டர் ஃபார்வர்டு, முன்வரிசையில நடுவுல ஆடறவன். 5 அடி 8 அங்குலம், மீசை அரும்பியாச்சு. டிக்குள்ள, அதாவது கோலுக்கு முன்னாடி இருக்கிற அரைவட்டத்துக்குள்ள, பந்தோட போனா கோல்தான். டிராக் ஃபிளிக்கும் (பந்தை ஸ்டிக்கோட இழுத்து வீசற ஷாட்) போடுதான்.

இளையவன் நவம்பர். ரைட் ஹாஃப், நடுவரிசையில வலது பக்கம் ஆடறவன். 5 அடிதான், ஓட்டமும் மட்டு. ஆனா அவன்கிட்ட வந்த பந்து லேசுல போகாது. கோல் கணக்குல பேரே இருக்காது.

ஊர்ல எல்லாரும் மூத்தவனைத்தான், இந்திய டீமுக்கு ஆடின மாரீஸ்வரன் மாதிரி வருவான், அடுத்த மாரீஸ்வரன்னு சொல்லுதாங்க. எதை வச்சு ஒப்பிடணும்?

பழைய சென்டர் ஹாஃப்:

நீங்க எழுதினதுல கோல் கணக்கை முதல்ல அழிச்சிருங்க. பத்து மாச வித்தியாசம் இந்த வயசுல சாதாரணம் இல்ல. பயலுவளுக்கு சராசரியா 14 வயசை ஒட்டித்தான் வேகமா வளத்தி வரும். அப்ப வருசத்துக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட கூடும். மீசை வந்தவனுக்கு அது பெரும்பாலும் முடிஞ்சிருக்கும், அஞ்சடிக்காரனுக்கு இனிமேத்தான். அப்போ இன்னைக்கு மூத்தவன் ஜெயிக்கிற ஓட்டப்பந்தயத்துல பாதி அவன் உடம்பு ஜெயிக்கிறது. 17, 18-ல மத்தவனுவளும் அந்த உடம்புக்கு வந்ததும் அவன்கிட்ட மிச்சம் என்ன இருக்கும்னு பாக்கணும்.

செய்ய வேண்டியது லேசு. மாசம் ஒருக்கா செருப்பில்லாம சுவத்துல நிறுத்தி ரெண்டு பேர் உயரத்தையும் குறிங்க. எப்பவும் காலையில, ஒரே ஆள் அளக்கணும். மூணு மாசத்துல ரெண்டு சென்டிமீட்டருக்கு மேல ஏறினா வளத்தி ஓடிக்கிட்டிருக்குன்னு அர்த்தம். அப்பா அம்மா உயரத்தையும் கேட்டு வைங்க.

அடுத்தது ட்ராப்பிங், அதாவது வர்ற பந்தை ஸ்டிக்கால நிறுத்தி வாங்கறது. மண் தரையில பந்து துள்ளி வரும். அதனால நம்ம பக்கத்துப் பயலுவ ஸ்டிக்கை நட்டமா, கொஞ்சம் உயத்திப் பிடிச்சே பழகியிருப்பானுவ. தண்ணி விட்ட டர்ஃப்ல (செயற்கைப் புல் தரை) பந்து தரையோட வழுக்கி வரும். முட்டியை மடக்கி, ஸ்டிக்கைத் தாழ்த்திப் பிடிக்கலைன்னா அடியில நழுவிப் போயிரும். மண்ணுல ராஜாவா இருக்கிறவன் டர்ஃப்ல முதல் நாள் முழிக்கிறதுக்கு இதுதான் காரணம். கோவில்பட்டி டர்ஃப்ல ரெண்டு பேரையும் நாலஞ்சு நாளாவது இறக்காம ஒரு முடிவுக்கும் வராதீங்க.

அங்க 20 மீட்டர் தள்ளி நின்னு பலமா பாஸ் அடிங்க. நேர் ஸ்டிக்ல பத்து, ரிவர்ஸ்ல (ஸ்டிக்கைத் திருப்பி இடது பக்கம் வாங்கறது) பத்து, ஓடிக்கிட்டே வாங்கறது பத்து. பந்து ஒரு ஸ்டிக் தூரத்துக்குள்ள நிக்கணும். அந்த எண்ணிக்கையை விட முக்கியம், பந்து வரதுக்கு முன்னாடி தோளுக்கு மேல திரும்பிப் பாத்தானாங்கறது. பாத்தவன் வாங்கும்போதே அடுத்த பாஸுக்கு உடம்பைத் திறந்து வச்சிருப்பான். பாக்காதவன் வாங்கி நிறுத்தி, தலையைத் தூக்கி, அப்புறம் தேடுவான். அதுக்குள்ள எதிராளி மேல வந்து விழுந்திருவான். இளையவன் பந்தை விடமாட்டான்னு சொல்லுதீங்க. பாத்துட்டு வாங்குதானா, இல்ல சுத்திச் சுத்தி ஒளிச்சு வச்சுக்கிடுதானா? ரெண்டும் வேற வேற ஆட்டம்.

டி_முனை:

மூத்தவனோட டிராக் ஃபிளிக்கைப் பத்தி ஒரு வார்த்தை. ஜூனியர் கோலியைத் தாண்டிப் போகுதுங்கறது அத்தாட்சி ஆகாது. பக்கவாட்டுல நின்னு போன்ல மெதுவா ஓடற வீடியோ எடுங்க. இடது கால் ஊன்றும்போது பந்து எங்க இருக்கு? வலது காலுக்குப் பக்கத்துல, பின்னாடி இருந்தா சரி. அங்கேருந்து இழுத்தாத்தான் ஸ்டிக்குல பந்து ஒட்டுற தூரம் கிடைக்கும். அப்புறம் இடுப்பு, அதுக்குப் பின்னால தோள், கடைசியா மணிக்கட்டு. பந்து முன்னங்கால் பக்கம் இருக்கும்போதே எடுத்தான்னா வெறும் கையால தூக்குதான். பந்து எழும்பும், வேகம் இருக்காது. சீனியர் கோலி நின்ன இடத்துலயே தட்டி விடுவாரு.

ஃபிளிக் ஏன் பெருசுன்னா, பெனால்டி கார்னர்ல (எதிராளி டிக்குள்ள தப்பு பண்ணினா கிடைக்கிற வாய்ப்பு) முதல் ஷாட்டை ஹிட்டா, ஸ்டிக்கை வீசி அடிச்சா, கோல் கோட்டைத் தாண்டும்போது பந்து கோலுக்குள்ள அடியில இருக்கிற 460 மில்லிமீட்டர் பலகை உயரத்துக்கு மேல போகக் கூடாது. ஃபிளிக்குக்கு அந்தத் தடை கிடையாது. அதனால நல்ல ஃபிளிக்கருக்கு எந்த டீம்லயும் இடம் உண்டு. ஆனா 15 வயசு முதுகு அதைத் தாங்கணும். ஒரு நாளைக்கு 20, வாரத்துக்கு மூணு நாள், அதுக்கு மேல விடாதீங்க. கீழ்முதுகுல ஒரு பக்கம் மட்டும் வலின்னு சொன்னா அன்னைக்கே நிறுத்திட்டு எலும்பு டாக்டர்கிட்ட காட்டுங்க.

இன்னொண்ணு, ரெண்டு பேர் ஸ்டிக்கும் ஒண்ணான்னு பாருங்க. ஒருத்தன்கிட்ட லோ போ (வளைவு கீழ்ப்பக்கமா இருக்கிற) கார்பன் ஸ்டிக், இன்னொருத்தன்கிட்ட பழைய மர ஸ்டிக்னா அது போட்டியே இல்ல. வளைவு விதிப்படி 25 மில்லிமீட்டர் வரை போகலாம். வளைவு கூடக்கூட ஃபிளிக் லேசாகும், நேர் புஷ்ஷும் (பந்தை வீசி அடிக்காம தள்ளி விடறது) ட்ராப்பிங்கும் கொஞ்சம் கஷ்டமாகும். மாத்திக் கொடுத்து ஆட விடுங்க, பாதி சந்தேகம் தீந்துரும்.

வடக்கு_கோல்போஸ்ட்:

எல்லாம் சரிதான், ஆனா தேர்வுல உக்காந்திருக்கிறவங்களுக்கு கொஞ்ச நேரம்தான் கிடைக்கும். அந்த நேரத்துல கண்ணுல படுறது உயரமும் ஓட்டமும்தான். மூத்தவனை அனுப்புங்க, இளையவனுக்கு அடுத்த வருசம் இருக்கு.

அப்புறம், ஒருத்தன்தான் வரணும்னு எங்க எழுதியிருக்கு? மாரீஸ்வரன் சக்திவேல், கார்த்தி செல்வம் ரெண்டு பேரும் கோவில்பட்டி விடுதியில வளந்தவங்கதான். 2022-ல ஜகார்த்தா ஆசியக் கோப்பையில ஒண்ணா ஆடி வெண்கலம் வாங்கினாங்க.

கரிசல்காட்டான்:

நன்றி அண்ணாச்சி. ரெண்டு பேர் ஸ்டிக்கும் வேற வேறதான், அதைக் கவனிக்கலை. இளையவன் மெதுவா ஓடுதான்னேனே, அதைத் திருத்த முடியுமா? ரெண்டு மாசமா முட்டிக்குக் கீழ வலிக்குதுன்னும் சொல்லுதான்.

பழைய சென்டர் ஹாஃப்:

இதை முதல்லயே சொல்லிருக்கணும்லா! முட்டிச் சிப்பிக்குக் கீழ எலும்பு முண்டு மாதிரி புடைச்சு, தொட்டா வலிச்சா, பெரும்பாலும் அது வளத்தி நேரத்துல வர்ற வலி. தொடைத் தசையோட நாண் வந்து ஒட்டுற இடத்துல எலும்பு இன்னும் முத்தாம இருக்கும். குதியும் ஓட்டமும் அதை இழுக்கும். டாக்டர்கிட்ட காட்டி உறுதி பண்ணுங்க. நொண்டி நடந்தா ஓட்டமே வேண்டாம். இல்லைன்னா மேடு ஏறி ஓடறது, தவளைக் குதி, முட்டி போட்டு டாக்கிள் (எதிராளிகிட்டேருந்து பந்தைப் பறிக்கிறது), இதை மட்டும் குறைங்க. நின்ன இடத்துல ட்ராப்பிங், புஷ் பண்ணலாம். வலியோட ஓடற பயலைத்தான் மெதுவா ஓடுதான்னு சொல்லிக்கிட்டிருக்கோம்.

வலி தீந்ததும் 30 மீட்டரை ரெண்டு விதமா ஓட விடுங்க, பந்தில்லாம மூணு தடவை, பந்தோட மூணு தடவை. ரெண்டுக்கும் நடுவுல உள்ள வித்தியாசத்தை எழுதுங்க. வெறும் ஓட்டம் உடம்பு வளர வளர மாறும். பந்து எடுத்ததும் வேகம் எவ்வளவு குறையுதுங்கறது கையோட பழக்கம். அது மூத்தவனுக்குக் கூடுதலா இருந்தா ஆச்சரியப்படாதீங்க.

அப்புறம் 23 மீட்டர் கோட்டுக்குள்ள (கோல் பக்கத்துக் கோட்டுலேருந்து அவ்வளவு தூரத்துல போட்ட கோடு) நாலுக்கு நாலு ஆட விடுங்க, நாலு நிமிசம் வீதம் நாலு ஆட்டம், ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கூட்டாளியை மாத்தி. யாரு இருக்கிற பக்கம் திரும்பத் திரும்ப ஜெயிக்குதுன்னு குறிச்சுக்கிடுங்க, யாரு கோல் போட்டாங்கற கணக்கு வேண்டாம். கடைசியா ரெண்டு பேருக்கும் தெரியாத ஒரு வித்தையைக் கொடுங்க, ரிவர்ஸ்ல ஓடிக்கிட்டே வாங்கி ஒரே தொடுதல்ல திருப்புறது மாதிரி. பத்து நிமிசம் காட்டிட்டு விட்டுருங்க. மூணு வாரம் கழிச்சு முன்னறிவிப்பு இல்லாம ஆட்டத்துக்குள்ள அது வருதான்னு பாருங்க. எவன்கிட்ட வருதோ அவனுக்கு அந்தத் தனி ஆளைப் போடுங்க.