நெட்வொர்க் வேலைக்கு எந்தச் சான்றிதழ், சிசிஎன்ஏவா, நெட்வொர்க் பிளஸா? கொஞ்சம் வழி சொல்லுங்க

அண்ணாச்சிமாரே, அக்காமாரே, வணக்கம். நமக்கு அம்பாசமுத்திரம். டிகிரி முடிச்சிட்டு ரெண்டு வருசமா பிராட்பேண்ட் லைன் இழுக்கேன். வெள்ளை-ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை-பச்சை, நீலம்னு வயரை வரிசையா அடுக்கி, கண்ணை மூடிக்கிட்டே கேபிள் முனையில பிளக்கை அழுத்தி மாட்டிருவேன் (கிரிம்ப்). ஆனா ரவுட்டர்ல லைட்டெல்லாம் பச்சையா எரிஞ்சும் நெட்டு வரலன்னா, ஆபீசுக்குப் போன் போட்டுட்டுத் திண்ணையில உக்காந்திருக்கணும். போனை அந்தப் பக்கம் எடுக்க ஆளா நான் ஆகணும், அவ்வளவுதான்.

பாளையங்கோட்டையில ஒரு சென்டர்ல ஏ பிளஸ், நெட்வொர்க் பிளஸ் (ரெண்டும் காம்ப்டியா அமைப்பு குடுக்க சான்றிதழ்), சிசிஎன்ஏ (சிஸ்கோ கம்பெனி சான்றிதழ்) மூணையும் சேர்த்துப் படி, வேலை கேரண்டிங்காவ. (கேரண்டின்னாலே எனக்கு வயித்தைக் கலக்கும்.) சிசிஎன்ஏ 200-301 ஒரே பரீட்சை, முன்தகுதி கேக்கல, 3 வருசம் செல்லும். ஆனா கட்டணமே 300 டாலர். தோத்தா திரும்பக் கட்டணும்.

பேக்கெட் ட்ரேசர் (கம்ப்யூட்டருக்குள்ளயே நெட்வொர்க் கட்டிப் பழகுத சிஸ்கோ சாப்ட்வேர்) இலவசம்ங்கதால ராத்திரி விஎல்ஏஎன் (ஒரே நெட்வொர்க்கைத் தனித்தனியாப் பிரிக்கது) போட்டுப் பழகுதேன். /26ங்க அளவு நெட்வொர்க்னா 62 ஹோஸ்ட் (கம்ப்யூட்டர் மாதிரி கருவி) மாட்டலாம்னு இப்பதான் சட்டுனு வாயில வருது.

நேரா சிசிஎன்ஏ எழுதலாமா? சென்னை, பெங்களூர் இன்டர்வியூவுல நெட்வொர்க் பிளஸை மதிக்காவளா? பழகுததுக்குப் பழைய நெட்வொர்க் ஸ்விட்ச் ஒண்ணு வாங்கித்தான் ஆகணுமா? என்ஓசி-ல (நெட்வொர்க்கை ராப்பகலாக் கண்காணிக்க மையம்) நைட் ஷிப்ட் பாக்கவுங்க யாராவது சொல்லுங்களேன்.