கலிஃபோர்னியா குடும்பக் குழு: சித்தியின் சிக் லீவ்

சித்தி: நேற்று ராத்திரியிலிருந்து காய்ச்சல். கடைக்கு வர முடியாது என்று போன் செய்தேன். பார்ட் டைம் ஆட்களுக்கு சிக் லீவ் கிடையாதாம். எனக்குப் பதில் ஆளையும் நானே பிடித்துத் தர வேண்டுமாம்.

சித்தப்பா: இரண்டு நாள் சம்பளம் போனால் போகட்டும், நீ படு.

அக்கா: ஏன் போகட்டும் சித்தப்பா? நான் பேரோல், அதாவது சம்பளக் கணக்கு பார்க்கிறவள், சொல்கிறேன். இங்கே ஒரே முதலாளியிடம் வருடத்தில் 30 நாள் வேலை பார்த்தாலே சிக் லீவ் உண்டு. பார்ட் டைமுக்கும்தான். பதில் ஆள் கொண்டுவா என்று கேட்கவே கூடாது, சட்டத்திலேயே இருக்கிறது.

சித்தி: பிரேக் ரூம் போஸ்டரில் மூன்று நாள் என்றுதானே போட்டிருக்கிறது? ஃபுல் டைம்காரர்களுக்கு என்று நினைத்தேன்.

அக்கா: அது பழைய போஸ்டர். 2024 ஜனவரி 1 முதல் ஐந்து நாள், அதாவது 40 மணி நேரம்.

அண்ணா: எங்கள் லாஸ் ஏஞ்சலஸ் நகரத்தில் 48. எது அதிகமோ அதுதான் செல்லும்.

சித்தி: நான் வாரத்துக்கு 20 மணி நேரம்தானே போகிறேன்?

அக்கா: வேலை பார்க்கிற 30 மணிக்கு 1 மணி சேரும். அப்படிப் பார்த்தால் வருடத்துக்கு 34 மணி பக்கம் வரும். மிச்சம் அடுத்த வருடத்துக்குப் போகும். எடுப்பதற்கு, வேலையில் சேர்ந்து 90 நாள் ஆகியிருக்க வேண்டும், உங்களுக்கு எப்போதோ ஆகிவிட்டது. சம்பளச் சீட்டை எடுத்துப் பாருங்கள், பாக்கி எவ்வளவு என்று காட்டியே ஆக வேண்டும்.

சித்தி: இரு, கண்ணாடி போட்டுக்கொள்கிறேன்.

சித்தி: கடைசி வரியில் பொடி எழுத்தில் சிக் 26.5 என்று இருக்கிறது!

அண்ணா: அவர்கள் கணக்கிலேயே இருக்கிறதே! அதை வைத்துக்கொண்டா இல்லை என்றார்கள்?

சித்தப்பா: கேட்டால் ஷிப்டைக் குறைத்துவிட மாட்டார்களா? எனக்கு அதுதான் பயம்.

அக்கா: லீவ் கேட்டதற்காகக் குறைத்தால் அதுவும் சட்டப்படி தப்பு. லேபர் கமிஷனர் அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். கொடுத்த 30 நாளுக்குள் ஏதாவது செய்தால் பழிவாங்கல் என்றே எடுத்துக்கொள்வார்கள், இல்லை என்று கடைக்காரர்தான் நிரூபிக்க வேண்டும். சித்தி, இனி போனில் பேசாதீர்கள். “உடம்பு சரியில்லை, இன்றும் நாளையும் சிக் லீவ் எடுக்கிறேன்” என்று மெசேஜ் போடுங்கள்.

சித்தி: போட்டுவிட்டேன். அம்மாடி, பேரனுக்கு உடம்பு முடியாமல் போனாலும் இதை எடுக்கலாமா?

அக்கா: தாராளமாக. பேரன், மாமியார், கூடப் பிறந்தவர்கள், எல்லோருக்கும் எடுக்கலாம்.

சித்தி: சரி. பில் போடுகிற பெண்கள் இரண்டு பேருக்கும் சீட்டைப் பார்க்கச் சொல்லிவிட்டுப் படுக்கிறேன்.