கை தானாக அடிக்கும் இ03.9: தைராய்டு கோடிங் அனுபவங்கள்

நான் அமெரிக்க நோயாளிகளின் சார்ட்டுகளுக்கு (மருத்துவப் பதிவுகளுக்கு) ஐசிடி-10 கோட், அதாவது நோய்க்கான குறியீட்டு எண், போடும் வேலையில் சேர்ந்து இரண்டு வருடம் ஆகியிருந்த நேரம். தைராய்டு என்றாலே கை தானாக இ03.9 அடித்துவிடும், அதாவது காரணம் குறிப்பிடாத ஹைப்போதைராய்டிசம் (தைராய்டு ஹார்மோன் குறைவு). அப்படிப் போட்ட ஒரு சார்ட் ஆடிட்டில் திரும்பி வந்தது. அசெஸ்மென்டில், அதாவது டாக்டர் தன் முடிவை எழுதும் பகுதியில், "ஹைப்போதைராய்டிசம், லெவோதைராக்ஸின் தொடரவும்" என்று ஒரே வரி, நான் அதோடு நிறுத்திவிட்டேன். நான்காம் பக்கத்தில் அதே டாக்டர், கேன்சருக்காகத் தைராய்டை முழுவதும் எடுத்த பிறகு வந்த ஹைப்போதைராய்டிசம், சிகிச்சை முடிந்துவிட்டது, நோய் மிச்சமில்லை என்று விரிவாக எழுதியிருக்கிறார். அங்கே வரவேண்டியது இ89.0, சிகிச்சைக்குப் பின் வரும் ஹைப்போதைராய்டிசம். இ03-க்குக் கீழேயே எக்ஸ்க்ளூட்ஸ் 1 குறிப்பில் இ89.0 இருக்கிறது, அதாவது இ89.0 வரவேண்டிய இடத்தில் இ03-ஐப் போடாதே என்று புத்தகமே சொல்கிறது, நான்தான் கோட்கள் வரிசையாக இருக்கும் டேபுலர் பகுதியைத் திறக்கவில்லை. இதைவிட என்னை உறுத்தியது இன்னொன்று. கேன்சர் என்ற சொல்லை ஹிஸ்டரியில் பார்த்ததும் இப்போது இருக்கும் தைராய்டு கேன்சருக்கான சி73-ஐயும் சேர்த்திருந்தேன். முடிந்துபோன கேன்சருக்கு இசட்85.850 தான். குணமான ஒரு பெண்ணின் ரெக்கார்டில் இப்போதும் கேன்சர் இருப்பதாக எழுதியது என் கை. அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. அதிலிருந்து தைராய்டு சார்ட் என்றால் கடைசிப் பக்கம்வரை படிக்காமல் கோட் போடுவதில்லை. உங்களுக்கும் இப்படி நடந்திருந்தால் எழுதுங்கள்.

* * *

அக்கா, எனக்கு நடந்தது வேறு மாதிரி. ஓபி சார்ட், டாக்டர் "ஹஷிமோட்டோவாக இருக்கலாம், ஆன்டிபாடி பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தார், நான் அந்த நோய்க்கான (உடலின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தாக்கும் நோய்) இ06.3 போட்டுவிட்டேன். இன்பேஷன்ட் சார்ட்டில் டிஸ்சார்ஜ் ஆகும்போதும் "இருக்கலாம்" என்றே இருந்தால் இருப்பதாகவே கோட் போடலாம், அந்தப் பழக்கத்தில் ஓபியிலும் போட்டது என் தப்பு. ஓபியில் சந்தேகத்துக்குக் கோட் கிடையாது, அன்றைக்கு உறுதியாகத் தெரிந்தது எதுவோ அதுதான். பேஷன்ட் சோர்வு என்று சொல்லியிருந்தார், அதற்கு ஆர்53.83. தைராய்டு டெஸ்ட் ரிசல்ட் சரியில்லை என்று டாக்டரே எழுதியிருந்தார், அதற்கு ஆர்94.6. ஆன்டிபாடி நெகட்டிவ் என்று பிறகு வந்தது. அதற்குள் அந்தப் பேஷன்ட் தன் ஆன்லைன் ரெக்கார்டில் நோயின் பெயரைப் பார்த்துவிட்டு, ஏன் என்னிடம் யாரும் சொல்லவில்லை என்று கிளினிக்குக்கு போன் செய்திருக்கிறார்.

* * *

நான் கோடர் இல்லை, தைராய்டு பேஷன்ட். என் டிஎஸ்எச் (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) கொஞ்சம் அதிகம், டி4 (தைராய்டு சுரக்கும் ஹார்மோன்) நார்மல். டாக்டர் சப்கிளினிக்கல், அதாவது இன்னும் முழுதாக வெளிப்படாத குறைவு, என்றார், ஆறு வாரம் கழித்துத் திரும்பப் பார்க்கலாம் என்றார், அவ்வளவுதான் பேச்சு. பில்லில் இ02 என்று இருந்தது. தேடிப் பார்த்தால் "அயோடின் குறைபாட்டால் வரும் சப்கிளினிக்கல் ஹைப்போதைராய்டிசம்" என்று வருகிறது. எனக்கு அயோடின் குறைவு என்று யாருமே சொல்லவில்லையே, டாக்டர் எதையோ மறைக்கிறாரா, அயோடின் மாத்திரை வாங்க வேண்டுமா என்று இரண்டு நாள் ஒரே குழப்பம். கேட்டபோது டாக்டரே ஆச்சரியப்பட்டார். சப்கிளினிக்கல் என்ற சொல்லை மட்டும் பார்த்து யாரோ எடுத்த கோட் அது, பிறகு இ03.8 (குறிப்பிட்ட பிற வகை ஹைப்போதைராய்டிசம்) என்று திருத்தினார்கள். கோட் போடுகிறவர்கள் தயவுசெய்து அந்தத் தலைப்பை முழுதாகப் படியுங்கள், நாங்களும் படிக்கிறோம்.

* * *

சின்ன அனுபவம்தான். கிரேவ்ஸுக்கு (தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கும் நோய்) இ05.0 என்று நிறுத்தி அனுப்பினேன், இன்ஷூரன்ஸ் க்ளெய்ம் திரும்பி வந்தது. ஐந்தாவது எழுத்து வேண்டும், தைராய்டு ஸ்டார்ம் (நோய் திடீரெனக் கடுமையாகும் நிலை) இல்லையென்றால் 0, இருந்தால் 1. இ05.00-க்கும் இ05.01-க்கும் நடுவில் ஒரு உயிராபத்து இருக்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

* * *

முதலில் எழுதியவள்தான், இன்னொன்று சொல்கிறேன். சப்கிளினிக்கல் பற்றி எழுதிய தோழி, நீங்கள் சொன்னதை எங்கள் டீமில் படித்துக் காட்டினேன். அதற்கு மறுநாளே ஒரு சார்ட். சீரற்ற இதயத் துடிப்புக்கு அமியோடரோன் என்ற மருந்து எடுப்பவர், புதிதாக ஹைப்போதைராய்டிசம். மருந்தால் வந்ததென்றால் இ03.2, கூடவே அந்த மருந்தின் பக்கவிளைவுக்கு டி46.2எக்ஸ்5ஏ. அமியோடரோனில் அயோடின் ஏராளம், தைராய்டைப் பாதிக்கும் என்று நமக்குத் தெரியும். ஆனால் டாக்டர் இரண்டையும் சேர்த்து எழுதவில்லை, முடிச்சுப் போட எனக்கு உரிமையில்லை. பழைய நானாக இருந்தால் இ03.9 போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். இந்த முறை டாக்டருக்கு க்யூரி (விளக்கம் கேட்கும் கேள்வி) அனுப்பினேன், பதிலை நானே சொல்லிக் கொடுத்துவிடாமல், "ஹைப்போதைராய்டிசத்துக்குக் காரணம் தெரிந்தால் குறிப்பிடவும்" என்று மட்டும். மூன்று நாள் சார்ட் பெண்டிங்கில் கிடந்தது, டார்கெட்டும் குறைந்தது. நான்காம் நாள் பதில் வந்தது: "அமியோடரோனால் வந்தது. கார்டியாலஜியிடம் பேசுகிறேன்."